பேக்கேமனில் தேர்ச்சி பெற: புத்தகமா, மென்பொருளா, இடைவிடாத ஆட்டமா?

பேக்கேமனின் விதிகளைக் கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். பலகையில் 24 முனைகள், ஆளுக்கு 15 காய்கள், இரண்டு பகடைகள். தம் காய்கள் அனைத்தையும் வீட்டுப் பகுதிக்கு, அதாவது தம் பக்கத்துக் கடைசி ஆறு முனைகளுக்குக் கொண்டுவந்து, முதலில் வெளியேற்றி முடிப்பவர் வெல்கிறார். அதற்குப் பிறகு நன்றாக ஆடக் கற்பதற்குத்தான் வழி தெரியாமல் பலர் தடுமாறுகின்றனர். தினமும் ஆடிக்கொண்டே இருந்தால் போதுமா, நல்ல புத்தகங்களை வரிசையாகப் படிக்க வேண்டுமா, அல்லது மனிதர்களைவிட நன்றாக ஆடும் மென்பொருள்களிடமே நேராகப் பாடம் கேட்பதா? இதற்கென ஒதுக்கக்கூடிய நேரம் வாரத்திற்குச் சில மணிகளே என்றால், இவற்றுள் எதற்கு முதலிடம் என்பதைத் தீர்மானிக்காமல் அதிக தூரம் போக முடியாது.

இவ்வழிகளை ஒப்பிட நான் கொள்ளும் அளவுகோல் ஒன்றே: நாம் செய்த தவறைத் தவறு என்று அந்த வழி நமக்கு உண்மையாகச் சொல்கிறதா, சொன்னால் காரணத்தையும் விளக்குகிறதா? சதுரங்கத்தில் இக்கேள்வி இவ்வளவு கூர்மையாக எழுவதில்லை; அங்கே மோசமாக நகர்த்தியவரை நல்ல எதிராளி பெரும்பாலும் அந்த ஆட்டத்திலேயே தண்டித்துவிடுவார். பேக்கேமனிலோ பெரும் பிழை செய்த மறுகணமே இரட்டை ஆறு விழுந்து வென்றுவிடலாம். குறையே இல்லாமல் ஆடியும் தோற்கலாம். ஆட்டத்தின் முடிவு ஆடிய விதத்தைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது.

இதற்கு ஆட்ட வரலாற்றிலேயே நல்ல சான்று உண்டு. 1979ஆம் ஆண்டு மான்டி கார்லோவில், ஹான்ஸ் பெர்லினர் உருவாக்கிய பிகேஜி 9.8 என்ற கணினி நிரல், அப்போதைய உலகச் சாம்பியன் லூயிஜி வில்லாவை 7-1 என்ற கணக்கில் வென்றது. அந்த ஆட்டங்களைப் பின்னர் அலசிப் பார்த்த பெர்லினர், பகடை தம் நிரலின் பக்கமே சாய்ந்திருந்ததையும், நகர்த்தல்களின் தரத்தில் வில்லாவே மேம்பட்டிருந்ததையும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 7-1 என்ற வெற்றியே திறமைக்குச் சான்றாகாதபோது, நேற்று மாலை நாம் பெற்ற மூன்று வெற்றிகள் எதற்குச் சான்றாகும்?

ஆடி ஆடியே கற்பது

ஆட்டத்தில் பழகாமல் எவரும் தேர்ச்சி பெற்றதில்லை. பலகையைப் பார்த்தவுடன் காய்களின் அமைப்பு கண்ணில் படிவதற்கும், 5-2 விழுந்தால் எந்தெந்த நகர்த்தல்கள் சாத்தியம் என்பது எண்ணிப் பார்க்காமலே தோன்றுவதற்கும் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் தேவை. தொடக்க நிலையில் பிப் கணக்கு, அதாவது எல்லாக் காய்களையும் வெளியேற்றக் கடக்க வேண்டிய மொத்தத் தொலைவு, இருபுறமும் 167; அங்கிருந்து ஆட்டத்தின் நடுவே யார் எவ்வளவு முந்தியிருக்கிறார் என்று சில நொடிகளில் கணக்கிடும் பழக்கமும் ஆடும்போதுதான் கைவரும்.

ஆனால் ஆடுவதை மட்டுமே நம்புபவர்களின் வளர்ச்சி, தொடக்கத்தில் சற்று ஏறிவிட்டு நெடுங்காலம் அப்படியே நின்றுவிடுகிறது. காரணம், மேலே சொன்ன பகடையின் மறைப்புதான். எதிராளியின் காய் எட்டும் இடத்தில் தனிக்காயை (முனையில் துணையின்றி நிற்கும் ஒற்றைக் காயை) தேவையில்லாமல் விட்டவர் வெட்டுப்படாமல் தப்பினால், அது துணிச்சலான ஆட்டம் என்று நினைவில் பதிகிறது. சரியான கணக்குப்படி துணிந்து காயை வைத்தவர் வெட்டுப்பட்டால், இனி அவ்வாறு ஆடக்கூடாது என்ற தவறான பாடம் பதிகிறது. ஒரே தரத்தில் ஆடும் நண்பர்களுக்குள்ளேயே ஆடும்போது இது இன்னும் மோசமாகிறது; அனைவரும் ஒரே தவறைச் செய்வதால் அது தவறாகவே தோன்றுவதில்லை. எனவே என் அளவுகோலின்படி தனியாக நின்றால் மிகக் கீழே இருக்கும் வழி இதுவே. வேறொன்றோடு சேரும்போதுதான் இதற்கு உயிர் வருகிறது.

புத்தகம் தருவது

புத்தகத்தின் பெரிய பலம், அது சிந்திப்பதற்குரிய சட்டகத்தைத் தருகிறது என்பதே. 1976இல் வெளிவந்த பால் மேக்ரியலின் 'பேக்கேமன்' என்ற நூலை இன்றும் பலர் முதல் நூலாகப் பரிந்துரைப்பதற்குக் காரணம், அது நகர்த்தல்களைப் பட்டியலிடுவதைவிட, முடிவெடுக்கும் முறையைக் கற்பிப்பதில் கவனம் செலுத்துகிறது. எடுத்துக்காட்டாக, பாதுகாப்பாக ஆடுவதா துணிந்து ஆடுவதா என்ற கேள்விக்கு அந்நூல் சில அடையாளங்களைத் தருகிறது. எதிராளியின் வீட்டுப் பகுதி வலுவாக இருந்தால் வெட்டுப்படுவதன் விலை அதிகம், பாதுகாப்பே நலம். நமக்கு அவர் வீட்டுப் பகுதியில் இரண்டு காய்களால் பிடித்த ஒரு முனை இருந்தால், வெட்டுப்பட்டாலும் நுழைய இடம் உறுதி, துணியலாம். அவருடைய காய்கள் பல நம் பக்கத்தில் பின்தங்கியிருந்தால், அப்போதும் துணியலாம். இம்மூன்றையும் மனத்தில் இருத்திய ஒருவர், இதுவரை காணாத அமைப்பிலும் ஓரளவு சரியான திசையில் சிந்திப்பார். மென்பொருள் எதுவும் இதை இவ்வாறு எடுத்துச் சொல்வதில்லை.

அடுத்ததாக, எண்கள். இரண்டு பகடைகளுக்கு 36 சேர்க்கைகள். இடையில் தடை இல்லாவிட்டால், எதிராளியின் காயிலிருந்து 6 முனைத் தொலைவில் நிற்கும் தனிக்காய் 36இல் 17 வழிகளில் வெட்டுப்படும். அதையே இன்னொரு முனை தள்ளி 7 முனைத் தொலைவில் வைத்தால் 6 வழிகள்தாம். 4 முனைத் தொலைவில் 15 வழிகள்; 1 முனைத் தொலைவில் 11 வழிகள். வெட்டுப்பட்ட ஒற்றைக் காய், பலகையின் நடுப்பட்டையிலிருந்து எதிராளியின் வீட்டுப் பகுதி வழியாக மீண்டும் ஆட்டத்தில் நுழைவதற்கும் இதே போன்ற கணக்கு உண்டு: எதிராளி தம் வீட்டுப் பகுதியில் மூன்று முனைகளைப் பிடித்திருந்தால் 27 வழிகள், நான்கு பிடித்திருந்தால் 20, ஐந்து பிடித்திருந்தால் வெறும் 11. நான்காவது முனையைவிட ஐந்தாவது முனையைப் பிடிப்பது எவ்வளவு பெரிய பாய்ச்சல் என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. இவற்றை ஒரு பக்கத்தில் எழுதி மனப்பாடம் செய்வதற்கு ஒரு வாரம் போதும். பல ஆண்டுகள் ஆடியும் இவற்றை அறியாதவர்கள் உண்டு.

ஆட்டத்தின் இறுதிக்கட்டத்திலிருந்து ஓர் அழகான எடுத்துக்காட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு காய்கள் மட்டுமே மீதமிருக்கின்றன. மொத்தத் தொலைவு 7 பிப். காய்கள் (வெளியேறும் பக்கத்திலிருந்து எண்ணினால்) 6ஆம், 1ஆம் முனைகளில் நின்றால் ஒரே உருட்டலில் இரண்டையும் வெளியேற்ற 15 வழிகள். 4ஆம், 3ஆம் முனைகளில் நின்றால் 17 வழிகள். 5ஆம், 2ஆம் முனைகளில் நின்றால் 19 வழிகள். தொலைவு ஒன்றே, வாய்ப்பு வேறு. அடுத்த உருட்டலில் எதிராளி முடித்துவிடுவது உறுதி என்றால், 19 வழிகள் உள்ளவர் பாதிக்கு மேற்பட்ட வாய்ப்போடு ஆட்டப் பந்தயத்தை இரட்டிப்பாக்கலாம். 17 வழிகள் உள்ளவர் அவ்வாறு செய்தால் அது பிழை. இத்தகைய கணக்கை ஒருவர் தாமே தாளில் எண்ணிப் பார்த்துவிட்டால் பிறகு மறப்பதில்லை.

புத்தகத்தின் குறையும் உண்மையானது. 1990களுக்கு முன் எழுதப்பட்ட நூல்களின் தீர்ப்புகள் வல்லுநர்களின் அனுபவத்தை மட்டுமே நம்பியிருந்தன. அவற்றுள் சில பிறகு பொய்த்தன. தொடக்கத்தில் 4-1 விழுந்தால், நடு முனையிலிருந்து (13ஆம் முனை) ஒரு காயை 9ஆம் முனைக்கு இறக்கி, 6ஆம் முனையிலிருந்து ஒரு காயை 5ஆம் முனையில் தனியாக வைப்பதே அக்காலத்தில் பரவலான வழக்கம். 5ஆம் முனையில் நிற்கும் அந்தக் காய் மட்டுமே 15 வழிகளில் வெட்டுப்படும். ஐபிஎம் ஆய்வாளர் ஜெரால்டு டெசாரோ 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய டிடி-கேமன் என்ற நிரல், தன்னோடு தானே ஆடிக் கற்றுக்கொண்டது. அதன் ஒரு பதிப்பு 15 லட்சம் ஆட்டங்களை இவ்வாறு ஆடியது. அது 5ஆம் முனையில் துணியாமல், பின்னால் 24ஆம் முனையில் நிற்கும் இரண்டு காய்களில் ஒன்றை 23ஆம் முனைக்குப் பிரித்து வைப்பதே மேல் என்று காட்டியது. வல்லுநர்கள் சோதித்துப் பார்த்து, தம் வழக்கத்தை மாற்றிக்கொண்டனர். ஆகையால் பழைய நூலிலிருந்து சிந்தனை முறையை எடுத்துக்கொள்ளலாம். தொடக்க நகர்த்தல்களின் அட்டவணையை மட்டும் புதிய மூலத்திலிருந்தே எடுக்க வேண்டும். 3-1 விழுந்தால் 8ஆம் முனையிலிருந்து ஒன்றும் 6ஆம் முனையிலிருந்து ஒன்றும் எடுத்து 5ஆம் முனையைப் பிடிப்பது போன்ற சில தீர்ப்புகள் அன்றும் இன்றும் மாறவில்லை.

இன்னொரு குறை, புத்தகம் நம் தவறைப் பார்ப்பதில்லை. அது பொதுவான தவறுகளைச் சொல்லும்; நாம் எதில் வழக்கமாகச் சறுக்குகிறோம் என்பதை அதனால் அறிய இயலாது.

மென்பொருளின் தீர்ப்பு

இந்த இடைவெளியை நிரப்புவதுதான் மென்பொருள். க்னூ பேக்கேமன் கட்டணமின்றிக் கிடைக்கிறது. எக்ஸ்ட்ரீம் கேமன் விலை கொடுத்து வாங்க வேண்டியது, போட்டியாளர்களிடையே அதன் தீர்ப்பே பொது அளவாக நிலைபெற்றிருக்கிறது. ஆடி முடித்த ஓர் ஆட்டத்தை இவற்றிடம் கொடுத்தால், ஒவ்வொரு முடிவிலும் சிறந்த நகர்த்தல் எது, நாம் செய்தது அதைவிட எவ்வளவு மதிப்புக் குறைந்தது என்று புள்ளியின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை சொல்லும். பகடை யாருக்கு எவ்வளவு உதவியது என்பதையும் தனியே கணக்கிட்டுக் காட்டும். வெற்றி தோல்வியிலிருந்து திறமையைப் பிரித்துப் பார்ப்பதற்கு இதைவிட நேர்மையான கருவி இந்த ஆட்டத்திற்கு இதுவரை வாய்த்ததில்லை. என் அளவுகோலின் முதல் பாதியில், அதாவது தவறைத் தவறு என்று சொல்வதில், மற்ற எந்த வழியும் இதன் அருகில்கூட வராது.

எக்ஸ்ட்ரீம் கேமன் தரும் பிஆர் என்ற எண், ஒரு முடிவுக்குச் சராசரியாக இழந்த மதிப்பை 500ஆல் பெருக்கிக் கிடைப்பது. எண் குறையக் குறைய ஆட்டம் சிறக்கிறது. நீண்ட காலச் சராசரியாக 5க்குக் கீழே வைத்திருப்பவர்கள் உலகத்தரத்தினர். கற்பவர் இந்த எண்ணை ஆட்டத்திற்கு ஆட்டம் பார்த்து மனம் கலங்கத் தேவையில்லை, ஏனெனில் எளிய முடிவுகளே வந்த ஆட்டத்தில் அது தானாகக் குறைந்தும், சிக்கலான ஆட்டத்தில் உயர்ந்தும் காணப்படும். பல ஆட்டங்களின் சராசரிக்கே பொருள் உண்டு.

மென்பொருளின் குறை அளவுகோலின் இரண்டாம் பாதியில் தெரிகிறது. அது காரணம் சொல்வதில்லை. 'இந்த நகர்த்தல் 0.094 குறைவு' என்ற வரியைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்திற்குப் போகும் மாணவர், வினாத்தாளின் விடைக்குறிப்பை மட்டும் பார்ப்பவரைப் போன்றவர். விடை தெரியும், அடுத்த முறை கேள்வி சற்று மாறினால் மீண்டும் தவறுவார். காரணத்தை நாமே தேடி எடுக்க வேண்டும். அதற்கு நான் கண்ட நல்ல வழி, அமைப்பை ஒரே ஒரு காய் அளவுக்கு மாற்றி மறுபடியும் கேட்பது. எதிராளியின் வீட்டுப் பகுதியில் பிடித்திருக்கும் முனைகளில் ஒன்றைக் கலைத்துவிட்டுக் கேட்டால் தீர்ப்பு மாறுகிறதா? மாறினால், காரணம் அந்த முனைதான் என்பது விளங்கிவிடுகிறது. இவ்வாறு கேள்வி கேட்கத் தெரிவதற்கே முதலில் புத்தகம் தரும் சட்டகம் தேவைப்படுகிறது. அது இல்லாதவருக்கு மென்பொருளின் எண்கள் வெறும் எண்களாகவே நின்றுவிடும்.

எல்லாப் பிழைகளையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதும் நேரத்தை வீணாக்கும். 0.02க்குக் குறைவான வேறுபாடுகளைத் தொடக்கத்தில் முற்றிலும் ஒதுக்கிவிடலாம். 0.08க்கு மேற்பட்டவற்றை மட்டும் ஒரு குறிப்பேட்டில் படத்தோடு சேர்த்துவைத்து, அவை எந்த வகையைச் சேர்ந்தவை என்று பார்க்க வேண்டும். பின் காய்களை நகர்த்தாமல் தேங்கவிடுவதா, வெட்ட வேண்டிய இடத்தில் தயங்குவதா, பந்தயத்தை இரட்டிப்பாக்கத் தாமதிப்பதா? பெரும்பாலோரின் பெரிய பிழைகள் இரண்டு மூன்று வகைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. அவற்றைத் திருத்துவதில்தான் மிக விரைவான முன்னேற்றம் இருக்கிறது.

ஆடும்போதே ஒவ்வொரு பிழைக்கும் எச்சரிக்கும் பயிற்சி முறை மென்பொருள்களில் உண்டு. அதை எப்போதும் இயக்கி வைத்திருப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். எச்சரிக்கை வரும் என்று தெரிந்தால் மனம் முழுமையாக உழைப்பதில்லை. முதலில் நாமே முடிவெடுத்து ஆட்டத்தை முடித்துவிட்டு, பிறகு தீர்ப்பைப் பார்ப்பதே பயன் தருகிறது.

டபுளிங் கியூப் என்ற தனிப் பாடம்

பந்தயத்தை இரட்டிக்கப் பயன்படும், 1920களில் நியூயார்க்கில் தோன்றிய டபுளிங் கியூப் என்ற எண் பொறித்த கட்டைதான் ஆட்டத்தின் மிகக் கடினமான முடிவுகளைக் கொண்டுவருகிறது. இங்கே வழிகளின் தரவரிசை மாறுகிறது என்பதால் இதைத் தனியே சொல்கிறேன். பந்தயம் இரட்டிக்கப்படும்போது மறுப்பவர் 1 புள்ளி இழக்கிறார். ஏற்பவர் வென்றால் 2 பெறுவார், தோற்றால் 2 இழப்பார். நான்கு ஆட்டங்களில் ஒன்றை வென்றால் 2 பெற்று 6 இழக்கிறார்; நிகர இழப்பு 4, அதாவது ஆட்டத்திற்கு 1. மறுத்திருந்தாலும் அதே இழப்புதான். ஆகவே 25 விழுக்காட்டிற்கு மேல் வாய்ப்பு இருந்தால் ஏற்பதே அடிப்படை விதி. கியூப் இனி தம் கையில் இருப்பதன் (அடுத்து இரட்டிக்கும் உரிமை தமக்கே என்பதன்) பயனால் சற்றுக் குறைவாக இருந்தாலும் ஏற்கலாம், இருமடங்காகத் தோற்கும் ஆபத்து இருந்தால் சற்று அதிகம் தேவை.

இதை ஆடிக் கற்பது ஏறக்குறைய இயலாத காரியம். 25 விழுக்காடு வாய்ப்புள்ள நிலையை ஏற்பவர் நான்கில் மூன்று முறை தோற்கவே செய்வார். அந்தத் தோல்விகள் அவரை மறுக்கத் தூண்டும், அது தவறான பாடம். புத்தகமும் மென்பொருளும் இங்கே இன்றியமையாதவை. இருவர் காய்களும் ஒன்றையொன்று கடந்துவிட்ட நீண்ட ஓட்டப் பந்தய நிலைக்குப் புத்தகங்கள் தரும் 8-9-12 என்ற விதி மிகவும் கைகொடுக்கும்: முன்னணியில் இருப்பவர் தம் பிப் கணக்கில் 8 விழுக்காடு முந்தியிருந்தால் முதன்முறை இரட்டிக்கலாம், 9 விழுக்காடு முந்தியிருந்தால் மறுமுறை இரட்டிக்கலாம், 12 விழுக்காடு வரை எதிராளி ஏற்கலாம். நம் கணக்கு 100, அவர் கணக்கு 110 என்றால் இரட்டிக்க வேண்டும், அவரும் ஏற்க வேண்டும். அவர் கணக்கு 114 என்றால் மறுக்க வேண்டும். காய்கள் இன்னும் ஒன்றையொன்று கடக்காத நிலைகளுக்கு இப்படி எளிய விதி கிடையாது. அங்கே வாய்ப்பை முதலில் நாமே விழுக்காட்டில் ஊகித்து எழுதிவிட்டு, மென்பொருளின் எண்ணோடு ஒப்பிடும் பயிற்சிதான் கண்ணைத் திருத்தும்.

வல்லவரோடு அமர்வதும் சிக்கல் தொகுப்புகளும்

தம்மைவிட நன்றாக ஆடுபவர் ஒருவர் கிடைத்தால், அவரோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே ஆடுவது பல மணி நேரத் தனிப் படிப்புக்கு ஈடாகும். ஏனெனில் தீர்ப்பையும் காரணத்தையும் ஒருசேரத் தருபவர் அவர் ஒருவரே. ஒருவரை எதிர்த்துப் பலர் குழுவாகக் கலந்தாலோசித்து ஆடும் ஷூயெட் முறையில் இது இயல்பாகவே நடக்கிறது. அவருடைய தீர்ப்பும் தவறலாம் என்பதால், பெரிய கருத்து வேறுபாடு எழுந்த நிலைகளைக் குறித்துவைத்துப் பிறகு மென்பொருளில் சரிபார்ப்பது நல்லது.

சிக்கல் தொகுப்புகள் புத்தகத்திற்கும் பயிற்சிக்கும் இடைப்பட்டவை. 1983, 1987 ஆகிய ஆண்டுகளில் உலகச் சாம்பியன் பட்டம் வென்ற பில் ராபர்ட்டி 501 சிக்கல்களைத் திரட்டி எழுதிய நூல் இவ்வகையில் நன்கு அறியப்பட்டது. நாளுக்கு ஐந்து சிக்கல்களைப் பலகையில் அமைத்து, விடையைப் பார்க்குமுன் காரணத்தோடு முடிவை எழுதுபவருக்கே இதன் முழுப் பயன் கிடைக்கும். படத்தைப் பார்த்து உடனே விடையைப் புரட்டுவது வாசிப்பு மட்டுமே.

எவருக்கு எது

விதிகளை மட்டும் அறிந்த புதியவருக்கு என் பரிந்துரை, முதலில் ஒரே ஒரு நல்ல அடிப்படை நூல். அதைப் பலகையோடு மெதுவாகப் படித்து முடிக்கும்வரை மென்பொருளின் அலசல் வேண்டாம். கூடவே விருப்பம்போல் ஆடலாம். நூல் முடிந்தபின் நேரத்தைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் குறுகிய ஆட்டங்களை ஆடவும், மறு பாதியில் அவற்றை அலசவும் செலவிட வேண்டும். பத்து ஆட்டங்களை ஆடி எதையும் பார்க்காமல் விடுவதைவிட, இரண்டை ஆடி இரண்டையும் முழுமையாக அலசுவது பயன் மிக்கது.

பல ஆண்டுகளாக ஆடிவருபவரின் நிலை வேறு. அவருக்குக் கண் பழகியிருக்கும், பழக்கங்களும் இறுகியிருக்கும். எனவே அவர் மென்பொருளிலிருந்தே தொடங்கலாம். இருபது முப்பது ஆட்டங்களை அலசித் தம் பெரிய பிழைகளின் வகையைக் கண்டபின், அவ்வகையைப் பற்றிய நூற்பகுதிகளை மட்டும் தேடிப் படிக்கட்டும். முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை.

போட்டிகளில் கலந்துகொள்ள விரும்புபவருக்கு, புள்ளி நிலவரத்திற்கேற்ப ஏற்கும் எல்லை மாறும் அட்டவணைகள் தேவைப்படும். ஆனால் அவற்றை முதலாண்டிலேயே தொடத் தேவையில்லை. முதல் போட்டிக்கு முன் கிராஃபோர்டு விதியை மட்டும் தெளிவாக அறிந்திருந்தால் போதும்: ஒருவர் வெற்றிக்கு ஒரு புள்ளி தொலைவை எட்டியவுடன் வரும் ஓர் ஆட்டத்தில் கியூப் பயன்படாது, அதற்கடுத்த ஆட்டங்களில் பின்தங்கியவர், தோற்றால் எப்படியும் போட்டி முடிந்துவிடும் என்பதால், இரட்டிப்பதால் இழக்க ஏதுமில்லாதவராகிறார், ஆகவே வாய்ப்புக் கிடைத்தவுடன் இரட்டிக்க வேண்டும். மற்ற அட்டவணைகளை, பிஆர் சராசரி 10க்குக் கீழே இறங்கிய பிறகு எடுத்துக்கொள்ளலாம். அதுவரை சாதாரண ஆட்டத்தின் 25 விழுக்காட்டு எல்லையைச் சரியாக ஊகிக்கும் பயிற்சிக்கே அந்நேரத்தைத் தருவது நல்லது.